பாவம், விசுவாசம், மீட்பு: ஒரு கன்ட்ரி ஆல்பத்தை முதல்முறை கேட்பவர்களுக்கு

சி.எஸ்.ஐ. சபைகளில் வளர்ந்தவர்களுக்கு ‘நான் பாவிதான் ஆனாலும் நீர்’ என்ற பாமாலை கட்டாயம் தெரிந்திருக்கும். சத்தம் போட்டுப் பாடுகிற பாட்டு அல்ல அது. தலையைக் குனிந்துகொண்டு, அவரவர் மனதுக்குள் எதையோ நினைத்துக்கொண்டு பாடுவார்கள். அந்த மெட்டை நான் கொஞ்சமும் எதிர்பார்க்காத ஓர் இடத்தில் கேட்டேன். டெக்சாஸ்காரர் ஒருவர் கிடாரை வைத்துக்கொண்டு ஒரு கதை பாடிக்கொண்டிருந்தார். கதையில் அதற்குள் மூன்று பேர் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்கள். சுட்டது ஒரு போதகர். அப்புறம் பாட்டு நின்றது. ஒரு பியானோ அந்தப் பாமாலையின் மெட்டை வாசிக்கத் தொடங்கியது. வார்த்தை ஒன்றுகூட இல்லை.

அந்த ஆல்பத்தின் பெயர் ‘ரெட் ஹெடெட் ஸ்ட்ரேஞ்சர்’. ‘செம்பட்டை முடிக்கார வெளியூரான்’ என்று தமிழில் சொல்லலாம். பாடியவர் வில்லி நெல்சன். 1975 மே மாதம் கொலம்பியா நிறுவனம் வெளியிட்டது. மொத்தம் 15 துண்டுகள், ஏறத்தாழ 33 நிமிடம். கன்ட்ரி இசையைக் கேட்டே இராத ஒருவருக்கு, பாவத்தையும் விசுவாசத்தையும் மீட்பையும் அந்த இசை எப்படிக் கையாள்கிறது என்று காட்ட வேண்டுமானால் நான் இதைத்தான் எடுத்துக் கொடுப்பேன். ஆங்கில வரிகள் காதில் பிடிபடாவிட்டாலும் பரவாயில்லை. கதை தெரிந்தால் போதும், மற்றதை இசை பார்த்துக்கொள்ளும். அந்தக் கதையையும், அதற்கு முன்னால் தெரிந்திருக்க வேண்டிய சில விஷயங்களையும் இங்கே சொல்கிறேன்.

சனிக்கிழமை இரவும் ஞாயிற்றுக்கிழமை காலையும்

கன்ட்ரி என்பது அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பிறந்த இசை. ஸ்காட்லாந்திலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் வந்து குடியேறியவர்களின் கதைப்பாட்டுகள், கறுப்பின மக்களின் புளூஸ், ஆப்பிரிக்காவிலிருந்து வந்த வாத்தியமான பான்ஜோ, கிராமத்து ஆலயங்களில் பாடிய ஞானப்பாட்டுகள் எல்லாம் அதில் கலந்திருக்கின்றன. 1927இல் டென்னசி, வர்ஜீனியா மாநிலங்களின் எல்லையில் இருக்கும் பிரிஸ்டல் என்ற ஊரில் ரால்ஃப் பியர் என்பவர் ஒலிப்பதிவுக் கருவிகளோடு வந்து இறங்கினார். அந்த ஒரே பயணத்தில் அவருக்குக் கிடைத்தவர்கள் இரண்டு தரப்பு. ஒன்று, வீட்டையும் அம்மாவையும் பரலோகத்தையும் பாடிய கார்ட்டர் குடும்பம். இன்னொன்று, ரயிலேறி ஊர் சுற்றுவதையும் குடியையும் பாடிப் பேர் வாங்கப்போகிற ஜிம்மி ராஜர்ஸ். கன்ட்ரி இசையின் இரண்டு முகங்களும் ஒரே ஊரில், சில நாள் இடைவெளியில் பதிவாகிவிட்டன.

இந்த இரண்டு முகங்களுக்கும் சனி இரவு, ஞாயிறு காலை என்று பெயர் வைத்துப் பேசுவார்கள். சனி இரவு ‘ஹாங்கி-டாங்க்’ எனப்படும் சாலையோர மதுக்கூடம். பியர், நடனம், சில சமயம் கைகலப்பு. மறுநாள் காலை அதே ஆள் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு ஆலயத்தில் உட்கார்ந்திருப்பான். கன்ட்ரி பாடகர்களில் பலர் இந்த இரண்டு இடங்களுக்குமான பாட்டுகளை ஒரே தொண்டையில் வைத்திருந்தார்கள். ஹாங்க் வில்லியம்ஸ் மதுக்கூடங்களுக்கான பாட்டுகளும் பாடினார், இருட்டில் அலைந்தவன் வெளிச்சத்தைக் கண்ட கதையையும் ஆலயப் பாட்டாக எழுதினார். ‘லூக் தி டிரிஃப்டர்’ என்ற வேறு பெயரில் புத்திமதிகளை வசனமாகச் சொல்லி இசைத்தட்டு போட்டார். அவரே குடியில் நொந்து, 1953 புத்தாண்டு நாளில் ஒரு காரின் பின் இருக்கையில் இறந்துபோனார். வயது 29.

நாஷ்வில் நகரில் கன்ட்ரி இசையின் தாய்க்கோயில் என்று போற்றப்படும் ரைமன் அரங்கத்துக்கும் இப்படி ஒரு கதை உண்டு. டாம் ரைமன் நீராவிப் படகுகளின் முதலாளி. 1885இல் சாம் ஜோன்ஸ் என்ற சுவிசேஷகரின் கூடாரக் கூட்டத்துக்குப் போனவர், அங்கேயே மனந்திரும்பினார். அந்தச் சுவிசேஷகருக்காக ஒரு பெரிய கூடம் கட்டவேண்டும் என்று பாடுபட்டு, 1892இல் அது எழுந்து நின்றது. பிற்காலத்தில், 1943 முதல் 1974 வரை, கன்ட்ரி இசையின் புகழ்பெற்ற வானொலி நிகழ்ச்சியான ‘கிராண்ட் ஓல் ஆப்ரி’ நடந்தது அங்கேதான். ரசிகர்கள் இன்றும் அங்கே ஆலயத்து நீள பெஞ்சுகளில் உட்கார்ந்துதான் காதல் தோல்விப் பாட்டுகளைக் கேட்கிறார்கள்.

வில்லி நெல்சனின் வாழ்க்கையும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஓடியது. 1933இல் டெக்சாஸில் ஆபட் என்ற சிற்றூரில் பிறந்தார். பெற்றோர் பிரிந்துபோக, வளர்த்தவர்கள் தாத்தாவும் பாட்டியும். அக்கா பாபி பியானோ, தம்பி கிடார். இருவரும் மெதடிஸ்ட் ஆலயத்துப் பாட்டுகளில் இசை கற்றார்கள். பத்து வயது வாக்கில் ஐரோப்பாவின் போஹிமியாவிலிருந்து குடியேறியவர்களின் போல்கா நடன இசைக்குழுவில் வாசித்துத் தன் முதல் கூலியையும் வாங்கிவிட்டார் தம்பி. பின்னாளில் ஃபோர்ட் வொர்த் நகரத்தில் ஞாயிறு பள்ளி ஆசிரியராக இருந்தபடியே இரவுகளில் மதுக்கூடங்களில் பாடினார். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று சபையில் சொன்னார்கள். அவர் மதுக்கூடத்தைத் தேர்ந்தெடுத்தார். முந்தைய இரவு தன் பாட்டைக் கேட்டவர்களில் சிலர்தான் காலையில் ஆலயத்திலும் உட்கார்ந்திருந்தார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

மூன்று சொற்கள்

தமிழில் ‘பாவம்’ என்ற சொல் செய்த தப்பையும் குறிக்கும். ‘ஐயோ பாவம்’ என்று அதே சொல்லால் இரக்கமும் படுவோம். இந்த ஆல்பத்தைக் கேட்க இதைவிட நல்ல சாவி கிடைக்காது. அதில் வரும் போதகரைப் பார்த்து நாம் இந்தச் சொல்லை இரண்டு அர்த்தத்திலும் சொல்லவேண்டி வருகிறது. எந்த நேரத்தில் எந்த அர்த்தம் என்று பிரிக்க முடிவதில்லை.

விசுவாசம் என்பதற்கு அந்தத் தென் மாநில பாப்டிஸ்ட், மெதடிஸ்ட் சபைகளில் குறிப்பான ஒரு பொருள் உண்டு. மனிதன் தன் நற்செயல்களால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முடியாது. கிருபை அவனுக்கு இலவசமாக வருகிறது, அவன் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். இதற்கென்றே ஆராதனையின் முடிவில் ஒரு சடங்கு உண்டு. போதகர் அழைப்பு விடுப்பார். மனந்திரும்ப விரும்புகிறவர்கள் எழுந்து முன்னால் வருவார்கள். அப்போது பின்னணியில் ஒரு பாட்டு மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும். பெரும்பாலும் அது ‘ஜஸ்ட் ஆஸ் ஐ ஆம்’. நம் ‘நான் பாவிதான்’ பாமாலையின் மூலம் அதுதான். அமெரிக்கச் சுவிசேஷகர் பில்லி கிரஹாமின் பெருங்கூட்டங்களில் ஆயிரக்கணக்கானவர்கள் எழுந்து நடந்தது இந்தப் பாட்டுக்குத்தான்.

மீட்பு என்றால் அடகு வைத்த நகையை மீட்பது நினைவுக்கு வரும். பொருள் நம்முடையதுதான், ஆனால் கைவிட்டுப் போய்விட்டது. விலை கொடுத்தால்தான் திரும்ப வரும். ‘ரிடெம்ப்ஷன்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் வேர்ப்பொருள் விலை கொடுத்துத் திரும்ப வாங்குவது என்பதுதான். ஒருவன் தன்னையே அடகு வைத்துவிட்டால் எந்த விலைக்கு மீட்பது? ஆல்பம் கேட்கும் கேள்வி இது.

கான்செப்ட் ஆல்பம்

நமக்குப் பாட்டு என்றால் பின்னால் ஒரு படம் இருக்கும். யார் பாடுகிறார், எதற்காக அழுகிறார் என்பதைப் படம் சொல்லிவிடும். அமெரிக்க இசைத்தட்டுகளில் அது கிடையாது. பத்துப் பன்னிரண்டு தனிப் பாட்டுகளைச் சேர்த்து ஒரு தட்டில் போடுவார்கள், வரிசைக்குப் பெரிய அர்த்தம் இருக்காது. கான்செப்ட் ஆல்பம் என்பது இதற்கு விலக்கு. அதில் எல்லாப் பாட்டுகளும் ஒரே கதையையோ ஒரே எண்ணத்தையோ சுமக்கும். வரிசையை மாற்றினால் அர்த்தமே மாறிவிடும்.

நெல்சன் இதில் ஏற்கெனவே கை பழகியவர். 1971இல் ‘யெஸ்டர்டேஸ் வைன்’ என்ற ஆல்பத்தில், குறையுள்ள ஒரு மனிதனின் வாழ்வைப் பிறப்பிலிருந்து சவ அடக்கம்வரை பாடினார். அது விற்கவில்லை. 1974இல் ‘ஃபேசஸ் அண்ட் ஸ்டேஜஸ்’. ஒரு மணமுறிவு, தட்டின் முதல் பக்கம் மனைவியின் பார்வை, இரண்டாம் பக்கம் கணவனின் பார்வை.

அடுத்ததுதான் நம் ஆல்பம். தலைப்புப் பாட்டு நெல்சன் எழுதியதல்ல. வர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகரில் பத்திரிகையில் சினிமா விமர்சனம் எழுதிவந்த எடித் லிண்டமனும், வானொலி அறிவிப்பாளர் கார்ல் ஸ்டட்ஸும் 1950களின் தொடக்கத்தில் எழுதியது. நெல்சன் ஃபோர்ட் வொர்த் வானொலியில் வேலை பார்த்த காலத்தில் அதை ஒலிபரப்பியிருக்கிறார். வீட்டில் பிள்ளைகளைத் தூங்கவைக்கவும் அதையே பாடியிருக்கிறார். கொலை வரும் பாட்டு எப்படித் தாலாட்டாகும் என்று தோன்றலாம். மெட்டு அப்படி, குதிரை நடை போல ஒரே சீராகப் போவது. கொலராடோவில் பனிச்சறுக்கு முடித்துவிட்டு ஆஸ்டினுக்குக் காரில் திரும்பும் வழியில், அந்தப் பாட்டை ஆல்பத்தில் சேர்க்கலாமே என்று அவர் மனைவி கோனி சொன்னார். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே நெல்சன் அதற்கு முன்கதையும் பின்கதையும் கட்டத் தொடங்கினார். சிலவற்றைத் தானே எழுதினார். மீதியைப் பிறர் எழுதிய பழைய பாட்டுகளிலிருந்து எடுத்துக் கதைக்குள் பொருத்தினார்.

கதை

’01ஆம் ஆண்டு, போதகரின் காலம் என்கிறது முதல் பாட்டு. 1901 என்று எடுத்துக்கொள்ளலாம். ஒரு போதகர் தன் மனைவியை மிகவும் நேசித்தார். அவள் பழைய காதலன் ஒருவனோடு போய்விட்டாள். போதகர் குழந்தையைப் போல அழுதார், நள்ளிரவில் சிறுத்தையைப் போலக் கத்தினார். குதிரையில் சேணம் கட்டிக்கொண்டு கிளம்பினார். பிரசங்கம் முடிந்தது, பாடம் தொடங்கியது என்று அந்தப் பாட்டு முடிகிறது. சற்று நேரம் கழித்து அதே மெட்டு திரும்ப வரும். இந்த முறை, பாடம் முடிந்தது, கொலை தொடங்கியது என்று முடியும். ஒரு வரியில் சில சொற்கள்தான் மாறுகின்றன. அந்த மாற்றத்தைக் கேட்கும்போது வயிற்றில் ஏதோ இறங்குவது போல இருக்கும்.

ஊர் மதுக்கூடம் ஒன்றில் அவர்கள் இருவரையும் கண்டுபிடிக்கிறார். அவர் உள்ளே நுழையும்போது இருவரும் ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகைக்கிறார்கள். அந்தப் புன்னகை முகத்தில் இருக்கும்போதே இறந்துபோகிறார்கள். கொலையை இவ்வளவுதான் பாடுகிறார் நெல்சன். துப்பாக்கிச் சத்தம் கிடையாது, குரல் உயர்வதும் கிடையாது.

இங்கே தமிழில் கதை சொல்லுகிறவனுக்கு ஒரு சங்கடம். ஆங்கிலத்தில் ‘ஹீ’ என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். நான் இதுவரை ‘போதகர், அவர்’ என்று எழுதி வந்தேன். இரண்டு பேரைக் கொன்ற பிறகு அப்படி எழுத வரவில்லை. தலைப்புப் பாட்டும் அவரை வெளியூரான் என்றுதான் சொல்கிறது. எனவே இனி ‘அவன்’.

அடுத்து வருவதுதான் ஆல்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த பாட்டு, ‘ப்ளூ ஐஸ் கிரையிங் இன் தி ரெய்ன்’. 1940களில் ஃப்ரெட் ரோஸ் எழுதியது. ஹாங்க் வில்லியம்ஸுக்கு வழிகாட்டியாக இருந்தவர் அவர். தனியாகக் கேட்டால் மழையில் விடைபெற்ற காதலியை நினைத்து ஒரு முதியவர் பாடும் பாட்டு. மெல்லிய சோகம், முடிவில் மேலுலகில் கைகோத்து நடப்போம் என்ற நம்பிக்கை. 1975 அக்டோபரில் இது நெல்சனின் முதல் முதலிடப் பாட்டானது. கல்யாண வீடுகளிலும் சாவு வீடுகளிலும் பாடத் தக்கதாக இருப்பதால் உலகம் முழுக்கப் போனது.

ஆனால் ஆல்பத்தில் இது எங்கே வருகிறது? கொலை நடந்த உடனே. பாடுகிறவன் தன் கையால் சுட்ட பெண்ணை நினைத்துப் பாடுகிறான். மேலுலகில் சந்திப்போம் என்கிறான். பாட்டில் ஓர் எழுத்துகூட மாறவில்லை, அருகில் இருப்பது மட்டும் மாறியிருக்கிறது. கான்செப்ட் ஆல்பம் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் இந்த ஓர் உதாரணம் போதும். அவன் விசுவாசத்தை இழக்கவில்லை என்பதும் இங்கேதான் தெரிகிறது. பரலோகம் இருக்கிறது என்று முழுமையாக நம்புகிறான். அங்கே தனக்கு இடம் உண்டா, அவள் தன்னைப் பார்க்க விரும்புவாளா என்று அவன் கேட்டுக்கொள்வதாகத் தெரியவில்லை. முதல்முறை இந்தப் பாட்டை ரசித்தேன். கதை புரிந்து கேட்டபோது பயமாக இருந்தது. இப்போது இரண்டும் சேர்ந்தே வருகின்றன.

அப்புறம் தலைப்புப் பாட்டு. மொன்டானாவின் ப்ளூ ராக் என்ற ஊரிலிருந்து அவன் வேறோர் ஊருக்கு வருகிறான். கறுப்புக் குதிரையில் ஏறியிருக்கிறான், பின்னால் ஒரு பழுப்புநிறக் குட்டைக் குதிரையைக் கயிற்றில் பிடித்து வருகிறான். அது அவளுடையது. அவன் துக்கத்தில் வெறிபிடித்திருக்கிறான், குறுக்கே போகாதீர்கள், அதிகாரம் செய்யாதீர்கள் என்று ஊரை எச்சரிக்கிறது பாட்டு. ‘ஐயோ பாவம்’ என்று நான் சொன்னது இந்த இடத்தைத்தான். மஞ்சள் கூந்தல் பெண் ஒருத்தி மதுக்கூடத்தில் அவனோடு பேசுகிறாள். அந்தக் குதிரை மீது அவளுக்கு ஆசை. வெளியே வந்து அதைப் பிடிக்கக் கை நீட்டுகிறாள். அவன் அவளைச் சுட்டுவிடுகிறான். குதிரையைத் திருட வந்தவளைக் கொன்றதற்காக ஒருவனைத் தூக்கில் போட முடியாது என்று சட்டம் அவனை விட்டுவிடுகிறது.

சட்டம் விட்டது, ஆனால் அவன் மீளவில்லை. மறுபடி அதே போதகர் மெட்டு, அரை நிமிடத்துக்கும் குறைவாக. எல்லாம் முடிந்தது என்று நினைக்கும்போதுதான் தொடங்குகிறது என்கிறது அது. வழக்கிலிருந்து விடுதலை ஆவது வேறு, மீட்பு வேறு என்பதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன பாட்டை நான் கேட்டதில்லை.

சொல்லில்லாத பாமாலை

இப்போது பியானோவுக்கு வருவோம். வாசிப்பது அக்கா பாபி. சிறுவயதில் ஆபட் ஆலயத்தில் வாசித்த அதே கை.

இந்தப் பாமாலையை 1830களில் எழுதியவர் இங்கிலாந்தின் பிரைட்டனில் வாழ்ந்த ஷார்லட் எலியட். நீண்ட காலம் நோயாளி. அவருடைய சகோதரர் போதகர். போதகர்களின் மகள்கள் படிக்க ஒரு பள்ளிக்கூடம் கட்டுவதற்காக வீடே பரபரத்துக்கொண்டிருந்தபோது, தன்னால் ஒன்றுக்கும் உதவ முடியவில்லையே என்ற வேதனையில் இருந்தார் ஷார்லட். அப்படிப்பட்ட மனநிலையில் பிறந்த பாட்டு இது. நான் எப்படி இருக்கிறேனோ அப்படியே வருகிறேன், என்னிடம் காட்டிக்கொள்ள எதுவும் இல்லை என்பதுதான் அதன் சாரம். அமெரிக்கர் வில்லியம் பிராட்பரியின் மெட்டோடு அது தென் மாநிலச் சபைகளின் அழைப்புப் பாட்டானது.

இதை நினைவில் வைத்துக்கொண்டு அந்த ஒன்றே முக்கால் நிமிடத்தைக் கேளுங்கள். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தப் பாட்டு போய்க்கொண்டிருக்க, மற்றவர்களை முன்னால் வரச் சொல்லி அழைத்தவன் அவன். இன்று அவனே வரவேண்டியவன். அழைக்க ஒரு போதகரும் இல்லை, பாட ஒரு சபையும் இல்லை. மெட்டு மட்டும் வருகிறது. அவன் எழுந்து போனானா, உட்கார்ந்தே இருந்தானா என்று ஆல்பம் சொல்வதில்லை. நெல்சன் இதைப் பாடியிருந்தால் அவன் வாயில் மன்னிப்புக் கேட்கும் வார்த்தைகள் வந்திருக்கும், நாமும் சரி, திருந்திவிட்டான் என்று அடுத்த பாட்டுக்குப் போயிருப்போம். பாடாமல் விட்டதால் அந்த வார்த்தைகளை, தெரிந்தவர்கள் நாமே நம் மனதுக்குள் போட்டுக்கொள்கிறோம். எனக்கு அவை தமிழில் வருகின்றன.

அடுத்து ‘டென்வர்’ என்ற சிறிய பாட்டு, ஒரு நிமிடம்கூட இல்லை. வைரம் போல விளக்குகள் மின்னும் ஊர். எங்கிருந்து வருகிறாய் என்று யாரும் கேட்காத ஊர். அங்கே ஒரு மதுக்கூடம். அவன் உள்ளே நுழைகிறான். ஒரு பெண்ணும் அவனும் ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகைக்கிறார்கள். கேட்டுக்கொண்டிருப்பவருக்கு இங்கே மூச்சு நிற்கும், ஏனென்றால் வரிகள் ஏறக்குறைய அந்தக் கொலைப் பாட்டின் வரிகள், மெட்டும் அதுவே. அப்போது ‘புன்னகையோடு இறந்தார்கள்’ என்று முடிந்த வரி, இப்போது ‘புன்னகையோடு ஆடினார்கள்’ என்று முடிகிறது. வினைச்சொல் ஒன்றே ஒன்றுதான் மாறியிருக்கிறது. உடனே பழைய வால்ட்ஸ் நடன மெட்டு ஒன்று ஒலிக்கிறது, பிறகு பாபியின் பியானோவில் துள்ளலான ஒரு நடன மெட்டு. அவர்கள் ஆடுகிறார்கள் என்று நாமே புரிந்துகொள்ள வேண்டியதுதான்.

கிருபை என்பதைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். அந்த ஒரு வினைச்சொல் மாறும் இடம் அவற்றில் பலவற்றைவிட எனக்கு அதிகம் புரியவைத்தது.

வார்த்தைகளோடு வரும் கடைசிப் பாடல் ‘ஹேண்ட்ஸ் ஆன் தி வீல்’, பில் கேலரி எழுதியது. உலகம் கட்டுப்பாடில்லாமல் சுழல்கிறது, ஏமாற்றுபவர்களும் நம்புபவர்களும் இரண்டுக்கும் நடுவில் உள்ளவர்களும் இருக்கிறார்கள். அவன் நட்சத்திரங்களைப் பார்த்துவிட்டான், மதுக்கூடங்களையும் பார்த்துவிட்டான். இப்போது உன்னிடத்தில் என்னைக் கண்டேன் என்கிறான். வீடு திரும்புகிறான். ஒரு முதியவரும் ஒரு குழந்தையும் வருகிறார்கள். ஆலயம் வரவில்லை, பாவமன்னிப்பு என்ற சொல்லும் வரவில்லை.

எனக்கு ஒப்பாத இடம்

இவ்வளவு நேசித்தும், இந்த ஆல்பத்தில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. இறந்த இரண்டு பெண்களுக்கும் பெயர் இல்லை, குரல் இல்லை. மனைவி ஏன் போனாள் என்று நமக்குத் தெரியாது. மஞ்சள் கூந்தல் பெண் குதிரையைத் தொட்டதற்காகச் செத்தாள். அவன் அவளுக்காக வருந்தியதாக ஒரு வரிகூட இல்லை. கணவன் மனைவியைக் கொல்லும் கதைப்பாட்டுகள் கடல் தாண்டி வந்த பழைய மரபு, தென் மாநிலங்களில் நூறாண்டுகளாகப் பாடுகிறார்கள் என்பது உண்மைதான். அதனால் அது சரியாகிவிடாது. ஓராண்டு முன்னால் மணமுறிவு ஆல்பத்தில் மனைவியின் தரப்புக்கு முதல் பக்கத்தையே கொடுத்தவர் நெல்சன். அவருக்கு இது தெரியாதது அல்ல.

தகுதியில்லாதவனுக்கும் கிடைப்பதுதான் கிருபை, தகுதியுள்ளவனுக்குக் கிடைத்தால் அது கூலி என்று இதற்குப் பதில் சொல்லலாம். சபையில் வளர்ந்த என் பாதி அதை ஏற்கிறது. இன்னொரு பாதி அந்தப் பெண்களின் வீட்டு வாசலில் நிற்கிறது. ‘டென்வர்’ வரும்போது அவனை மறுபடி ‘அவர்’ என்று எழுதலாமா என்று யோசித்தேன். கை வரவில்லை.

ஏன் இவ்வளவு எளிய ஒலி

1970களில் நாஷ்வில் ஆல்பங்கள் வயலின் கூட்டமும் சேர்ந்திசையும் வழியும் ஒலியோடு வந்தன. நெல்சன் கொலம்பியாவோடு போட்ட ஒப்பந்தத்தில் இசை பற்றிய முழு உரிமையும் அவர் கையில் இருந்தது. 1975 ஜனவரியில் டெக்சாஸின் கார்லண்ட் ஊரில் ஆட்டம் சவுண்ட் என்ற ஒலிப்பதிவுக்கூடத்தில், தன் சொந்தக் குழுவோடு, சில நாட்களில், சுமார் 4,000 டாலர் செலவில் முடித்துவிட்டார். நெல்சனின் கிடார், பியானோ, மிக்கி ராஃபேலின் மவுத் ஆர்கன், மெல்லிய தாளம். அந்தக் கிடாரின் பெயர் ‘டிரிக்கர்’. நைலான் நரம்பு மார்ட்டின் கிடார், 1969 முதல் அவர் கையில் இருக்கிறது, ஒரு திரைப்படக் குதிரையின் பெயரை வைத்திருக்கிறார். நிறுவன அதிகாரிகள் சிலர் இதைக் கேட்டுவிட்டு, இது வெறும் முன்னோட்டப் பதிவுதானே, முழு வேலை எங்கே என்று நினைத்தார்கள். நெல்சன் மசியவில்லை, அப்படியே வெளிவந்தது. பின்னாளில் லட்சக்கணக்கில் விற்றது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்கும் ஒலிப்பதிவுகளின் தேசியப் பட்டியலிலும் இடம்பெற்றது.

இந்த எளிமை வெறும் அழகுக்காக வந்தது இல்லை. வயலின்கள் இருந்தால் எங்கே அழ வேண்டும் என்று அவை சொல்லிக் கொடுத்துவிடும். இங்கே யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

இதே பொருளில் வேறு ஆல்பங்களும் கேட்க நினைப்பவர்களுக்கு இரண்டைச் சொல்வேன். லூவின் சகோதரர்களின் ‘சேட்டன் இஸ் ரியல்’, 1959. அட்டைப்படத்தில் சகோதரர்களுக்குப் பின்னால் பெரிய பிசாசு உருவமும் தீயும் இருக்கும். அண்ணன் ஐரா குடியைக் கண்டித்துப் பாடினார், குடியால் அவதியும் பட்டார். அந்தக் குரலில் இருக்கும் பயம் நிஜம். இன்னொன்று ஜானி கேஷின் ‘அமெரிக்கன் ரெக்கார்டிங்ஸ்’, 1994. ஒரு குரலும் ஒரு கிடாரும் மட்டும். அட்டையில் அவர் பக்கத்தில் இரண்டு நாய்கள். வெள்ளைக் கோடு போட்ட கறுப்பு நாயின் பெயர் பாவம் என்றும், கறுப்புக் கோடு போட்ட வெள்ளை நாயின் பெயர் மீட்பு என்றும் கேஷ் சொல்லியிருக்கிறார்.

முதலில் நெல்சனைக் கேளுங்கள். பாட்டுகளைக் கலைத்துப் போடும் வசதியை அணைத்துவிடுங்கள், வரிசை முக்கியம். இன்னொன்றும் உண்டு. 1975இல் இதை வாங்கியவர்களுக்கு எட்டாவது துண்டான அந்தப் பாமாலையோடு தட்டின் முதல் பக்கம் முடிந்துவிடும். ஊசி உரசும் சத்தம் மட்டும் கேட்கும். எழுந்து போய், தட்டைத் திருப்பிப் போட்டால்தான் ‘டென்வர்’ வரும். இப்போது கைபேசியில் ஒரு நொடிகூட இடைவெளி இல்லாமல் அடுத்தது தொடங்கிவிடுகிறது. அதனால் பியானோ நின்றதும் நீங்களே நிறுத்திவிடுங்கள். எழுந்து கொஞ்சம் நடங்கள், தண்ணீர் குடியுங்கள். அப்புறம் வந்து உட்கார்ந்து, ‘டென்வர்’ போடுங்கள்.